எண்ணெய்க் கண்ணாடி

கம்ப்ரசருக்கு அடியில் விரித்திருந்த அட்டை அன்றைக்கும் காய்ந்துதான் கிடந்தது. அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை வெளியே இழுத்தாள். வாசல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் பட்டால் அட்டையால் மறைக்க முடியாது; ஒரு சொட்டு விழுந்தாலும் கறுப்பாக வட்டம் விரிந்துவிடும். இதில் தூசி இருந்தது, செத்த கரப்பான் ஒன்று இருந்தது, வேறொன்றும் இல்லை.

எழுந்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் பக்கக் கதவைத் திறந்தாள். இரைச்சல் முகத்தில் அறைந்தது. எண்ணெய்த் தொட்டியின் பக்கவாட்டில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. துணியால் அதைத் துடைத்தாள். அதற்குப் பின்னால் எண்ணெயின் கோடு தெரியும். கோடு நடுவில் இருக்க வேண்டும். இப்போது அடிவிளிம்பை ஒட்டி இருந்தது. நேற்றுதான் ஒரு குவளை ஊற்றினாள். முந்தாநாளும் ஊற்றினாள்.

ஒழுகவில்லை. ஆனால் குறைகிறது. எங்கே போய்த் தொலைகிறது?

அண்ணி என்றுதான் அங்கே எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். கணவரின் தம்பி அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு வெல்டிங் ஆட்களும் கூப்பிட ஆரம்பித்து, பிறகு இரும்புக்கடைக்காரர், வண்டிக்காரர் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவில் ஒரு முற்றம். வீட்டில் இடது பக்கம் அண்ணன் குடும்பம், வலது பக்கம் தம்பி குடும்பம். பட்டறையில் இரும்பு அலமாரி செய்தார்கள். தகடு வெட்டுவதும் மடிப்பதும் வெல்டிங்கும் வெளியே பேசுவதும் தம்பியின் பொறுப்பு. அவரைச் சின்னவர் என்பார்கள். பெயின்ட் அடிப்பது அண்ணன். அவர் மாஸ்டர். கம்ப்ரசர் மட்டும் அண்ணியுடையது.

அது அவள் கைக்கு வந்ததும் யாரும் திட்டம் போட்டு நடந்ததில்லை. மெஷின் வந்த புதிதில் சர்வீஸ்காரர் வந்து எதையெல்லாம் எப்போது பார்க்க வேண்டும் என்று சொன்னபோது, சின்னவர் போனில் இருந்தார், மாஸ்டர் பெயின்ட் கலந்துகொண்டிருந்தார், அண்ணி மட்டும் டீயோடு நின்று கேட்டாள். கேட்டவள் செய்ய வேண்டியதாகிவிட்டது. அவளுக்கும் அது பிடித்திருந்தது. தினமும் காற்றுத் தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடுவாள். இப்படிப் புழுக்கமான நாட்களில் வாளி அடி நிறையத் தண்ணீர் வரும். ஏர் பில்டரைக் கழற்றி, தட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாள். எண்ணெய் பில்டரைத் திருகி எடுத்து, புதியதன் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்குவாள். கூலரின் இடுக்குகளில் அடையும் தூசியை ஊதிவிடுவாள். சமையலறை அடுப்பு மேடையைத் துடைக்கிற அதே கைதான். தினம் தொடுகிற பொருள் தினம் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

அந்த மெஷின் வேலை செய்யும் விதம் அழகானது. உள்ளே இரண்டு பெரிய திருகுகள் ஒன்றோடொன்று பின்னிச் சுழல்கின்றன. ஒரு முனையில் நுழையும் காற்று, திருகுப் பள்ளங்களில் மாட்டிக்கொண்டு, இடம் குறுகக் குறுக நசுங்கி, மறுமுனையில் அழுத்தத்தோடு வெளியேறுகிறது. நசுங்கும் காற்று கொதிக்கும். அதனால் திருகுகளின் மேல் எண்ணெயைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்கிறது, இடைவெளியை அடைக்கிறது, திருகுகள் உரசாமல் காக்கிறது. பிறகு காற்றும் எண்ணெயும் கலந்த புகை தொட்டிக்குள் சுழன்று விழுகிறது. கனமான எண்ணெய் கீழே தங்குகிறது. காற்றோடு ஒட்டிக்கொண்டு மேலே போகும் மிச்சத் துளிகளைச் செப்பரேட்டர் பில்டர் என்கிற தடித்த உருளை பிடித்து வைத்துக்கொள்கிறது. காற்று குழாய்க்குப் போகிறது; எண்ணெய் கூலருக்கும் பில்டருக்கும் போய் ஆறிச் சுத்தமாகி, மறுபடி திருகுக்கு வருகிறது. சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான் அதன் வேலை. வீட்டைவிட்டு வெளியே போக அதற்கு வழியில்லை.

அதனால்தான் அண்ணிக்கு அது புதிராக இருந்தது.

டீ நேரத்தில் சின்னவர் மெஷினை நிறுத்தினார். ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே அடைந்திருக்கும் காற்று மூடியையும் எண்ணெயையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை பொறுக்க வேண்டும்.

"அண்ணி, ஆச்சா?"

"முள்ளு இறங்கட்டும் தம்பி. நீங்க விரலை சுவிட்ச்லயே வெச்சுக்கிட்டு நின்னா எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

"அங்க தகடு பாதி மடிஞ்சு நிக்குது. காத்து இல்லன்னா பிடி விட்டுரும்."

"விட்டா மறுபடி பிடிங்க. நான் என்ன ஓடியா போறேன்."

எண்ணெய் ஊற்றும் வாய் சுவரை ஒட்டிய பக்கத்தில் இருந்தது. இடுக்கில் புகுந்து, மூடியை மெதுவாகத் திருகி எடுத்து, புனலை வைத்து ஒரு குவளை ஊற்றினாள். அரைக் குவளை போதுமோ என்று ஒரு யோசனை வந்தது. பட்டினி போடுவதைவிட ஊற்றிவிடுவதே மேல் என்று முழுக்க ஊற்றி மூடினாள். அவள் முன்பக்கம் சுற்றி வருவதற்குள் மெஷின் உறுமத் தொடங்கியிருந்தது.

பெயின்ட் அடிக்கும் பூத்துக்குள் மாஸ்டர் ஒரு அலமாரிக் கதவின் முன் நின்றிருந்தார். இளஞ்சாம்பல் நிறக் கதவு. சுவர் விளக்கின் வெளிச்சம் அதன் மேல் சாய்வாக விழுந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் நல்ல வேலை. கிட்டே போனால் குழிகள். கடுகளவு குழிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய கரை. பெயின்ட் அந்த இடத்தை மட்டும் தொடப் பிடிக்காமல் விலகி நின்றதுபோல.

"மறுபடியுமா?" என்றாள் அண்ணி.

அவர் திரும்பவில்லை. "தின்னர்ல மூணு தடவ துடைச்சேன். புதுத்துணி. கைரேகை கூடப் படல."

"பெயின்ட்டு?"

"வேற கடை டின்னு."

வேறு எதுவும் கேட்பதற்கு இல்லை. இந்தக் குழி எதனால் விழும் என்று அவருக்குத் தெரியாதா? எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் பெயின்ட் ஒட்டாது. பசை இரண்டு வழியில் வரலாம்: கம்ப்ரசர் காற்றில் வரலாம், அல்லது தகட்டிலேயே இருக்கலாம். முதல் முறை குழி விழுந்ததும் அவர் சொன்னது காற்றைத்தான். உடனே சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து பழைய எண்ணெயை வடித்து, புது எண்ணெய் ஊற்றி, பில்டர் எல்லாவற்றையும், செப்பரேட்டரையும் சேர்த்து, மாற்றினார். பெயின்ட் பீய்ச்சும் கன்னுக்கு முன்னால் வெள்ளைத் துணியைப் பிடித்து வெறும் காற்றை ஊதிக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது. அதற்குப் பிறகு சில நாள் கதவுகளும் நன்றாக வந்தன. எல்லோரும் மூச்சு விட்டார்கள். பிறகு மறுபடி குழி. மெஷினில் எல்லாமே புதிது. ஆகவே காற்று இல்லை. மிஞ்சியது தகடு. தகட்டைத் துடைப்பவர் மாஸ்டர்.

அவருக்கு அதே சமயத்தில்தான் காய்ச்சல் வந்து போயிருந்தது. மூக்குக் கண்ணாடியும் மாற்றியிருந்தார். டீக் கிளாஸைத் தூக்கும்போது கை லேசாக நடுங்குவதை அண்ணி பார்த்திருந்தாள். சின்னவரும் பார்த்திருந்தார். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை.

மதியம் வண்டி வந்து, ஏற்றிப் போன அலமாரிகளைத் திரும்ப இறக்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனவை. வண்டிக்காரர் ஒவ்வொன்றாகத் தள்ளி இறக்கி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வியர்வையைத் துடைத்தபடி போய்விட்டார். வானம் மூட்டமாக இருந்தது. மழையும் வராமல், வெயிலும் அடிக்காமல், ஈரத்துணி போட்டு மூடினாற்போல ஒரு புழுக்கம்.

முற்றத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் பருப்பும் முட்டையும். சின்னவர் மனைவி பரிமாறினாள். அவள் வாய் சும்மா இருக்காது. மனதில் ஒன்றும் இருக்காது. ஆனால் அதை அப்புறம் நினைத்துத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

"மாமா, முட்டை ரெண்டா வைக்கவா? உங்களுக்குத்தான் இப்ப டபுள் வேலையாச்சே. அடிக்கிறது ஒரு தடவ, தேய்ச்சு எடுக்கிறது ஒரு தடவ."

"ஒண்ணு போதும்மா."

"நீ சும்மா இரு" என்றார் சின்னவர். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. திங்கக்கிழமைல இருந்து ஒரு பெயின்ட்டர் வர்றாரு. பஸ் பாடி கட்டுற எடத்துல இருந்தவரு. நீங்க ஒரு ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுங்க. சும்மா மேற்பார்வை பாருங்க, போதும்."

"மேற்பார்வைன்னா?"

"பார்த்துக்கிட்டு இருக்கிறதுண்ணே."

"அதான் இப்பவும் பண்றேன். குழி விழறதப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

மாஸ்டர் மெதுவாக ஒரு வாய் எடுத்து மென்று விழுங்கினார். "வரச் சொல்லு. ஆஸ்பத்திரிக்காரங்க இன்னொரு தடவ திருப்பி அனுப்பினா அப்புறம் நம்ம பக்கமே வரமாட்டாங்க. எனக்கும் ஒடம்பு முடியல."

அண்ணி தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள். போன வாரம் சின்னவர் அவளிடம்தான் முதலில் கேட்டார். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டபோது, "பக்குவமா சொல்லுங்க தம்பி" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விரல்களை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். தின்னர் பட்டுப் பட்டுத் தோல் வெளிறி, கணுக்களில் வெடித்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து களிம்பு தடவினாள்.

"எரியுதா?"

"எரியட்டும்." பிறகு சொன்னார்: "நெஜமாவே துடைச்சேன்மா. ஆனா துடைச்சேன்னு நானே நெனைச்சுக்கிறேனோ என்னவோ. இன்னிக்கு ஒரு கதவைத் துடைச்சு முடிச்சு, துடைச்சோமா இல்லையான்னு சந்தேகம் வந்து, மறுபடி துடைச்சேன். இப்படி ஒரு நாளும் இருந்ததில்ல. என் வேலைய நானே நம்பலைன்னா, அப்புறம் அந்தக் கன்ன எதுக்குத் தூக்கணும்?"

"காய்ச்சல் விட்ட ஒடம்பு. சரியாயிரும்."

"நீயும் தம்பிகிட்ட சரின்னுதானே சொன்ன?"

அவள் விரல் நின்றது.

"அவன் சொல்லல. உன் மொகத்துல இருந்துச்சு. பரவால்ல. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். இன்னொரு கையை நீட்டினார். அவள் அதற்கும் தடவிவிட்டாள்.

மறுநாள் காலையிலும் அண்ணி கதவைத் திறந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கோடு அடிவிளிம்பில். அட்டை காய்ந்து கிடந்தது. டீ நேரத்தில் ஊற்றலாம் என்று குவளையை எடுத்து வைத்துவிட்டுச் சமையலுக்குப் போனாள்.

டீ நேரத்துக்கு முன்பே கரண்ட் போய்விட்டது. மெஷின் ஒரு பெருமூச்சு விட்டுச் சுருண்டு நின்றது. அதோடு மற்ற எல்லாச் சத்தமும் நின்றது. தெருவில் யாரோ செருப்பை இழுத்து நடப்பது கேட்டது. வெல்டிங் ஆட்கள் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். கம்பத்தில் வேலை நடக்கிறது, நேரமாகும் என்று ஒருவர் விசாரித்து வந்து சொன்னார்.

அண்ணிக்கு நிம்மதியாக இருந்தது. சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு யாரும் நிற்காமல் ஏர் பில்டரைச் சுத்தம் பண்ணலாம். கழற்றி, கவிழ்த்துத் தட்டினாள். சாம்பல் தூசி கொட்டியது. வாசலுக்குக் கொண்டு போய், மடிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கிழியவில்லை. உட்கார்ந்திருந்த வெல்டர், "அண்ணி, எங்க மூச்சுக்கும் இப்படி ஒண்ணு மாட்டி விடுங்க" என்றார். "உங்களுக்குப் பீடிய நிறுத்தினாலே போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, டீயைக் குடித்து முடித்து, பில்டரைத் திரும்ப மாட்டினாள்.

கை பழக்கத்தில் எண்ணெய்க் கண்ணாடியைத் துடைத்தது.

கோடு இல்லை.

மறுபடி துடைத்தாள். வட்டம் முழுக்க ஒரே மஞ்சள். பழைய கண்ணாடி அப்படித்தான் மஞ்சளித்துப் போயிருந்தது. காலையில் அடிவிளிம்பில் இருந்த கோடு, இப்போது அதற்கும் கீழே போய்விட்டதா? மொத்தமும் வற்றிவிட்டதா? அட்டையை இழுத்துப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. முள் பூஜ்யத்தில் இருந்தது. குவளையை நிறைத்துக்கொண்டு இடுக்கில் புகுந்தாள். மூடியை மெல்லத் திருகி எடுத்தாள். புனலை வைக்கப் போனவள், என்ன தோன்றியதோ, போனில் டார்ச்சைப் போட்டு உள்ளே பார்த்தாள்.

எண்ணெய் கைக்கு எட்டும் தூரத்தில் தளும்பி மின்னியது.

கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள். பிறகு, ஊற்றாமல் மூடியை மூடிவிட்டு முன்பக்கம் வந்தாள். வடிக்கும் குழாய்க்கு அடியில் வாளியை வைத்து மெதுவாகத் திறந்தாள். எண்ணெய் தேன் மாதிரி இறங்கியது. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றும் மாறவில்லை. வாளியில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அப்போது வட்டத்தின் உச்சியில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அது மேலிருந்து கீழே வந்தது. கீழே இருந்து வரவில்லை.

கண்ணாடி காலியாக இருக்கவில்லை. நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. முழுக்க நிறைந்த கண்ணாடியும் முழுக்க ஒழிந்த கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் கோடு இருக்காது.

அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் கோடு ஏன் அவ்வளவு கீழே இருந்தது என்று யோசித்தாள். மெஷின் ஓடும்போது எண்ணெய் எல்லாமா தொட்டியில் இருக்கும்? பாதி திருகின் மேல் பொழிந்துகொண்டிருக்கும், மிச்சம் குழாயில், கூலரில், பில்டரில். வேலைக்குப் போனவர்கள் வேலையில் இருக்கிறார்கள். வீட்டில் தலையை எண்ணிப் பார்த்து, ஆள் குறைகிறது என்று தினம் ஒருவரைப் புதிதாகக் கூட்டி வந்து உட்கார வைத்தால்? போனவர்கள் எல்லோரும் திரும்பி வரும்போது நிற்க இடமிருக்காது. கூட்டம் வாசலைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குத்தான் போகும். செப்பரேட்டர் எவ்வளவு புதியதாக இருந்தால் என்ன, அத்தனை எண்ணெயை அதனால் பிடித்து வைக்க முடியாது. காற்றோடு குழாயில் ஏறி, கன் வழியாக, அவர் மூன்று முறை துடைத்த கதவின் மேல் போய் உட்காரும்.

முன்பெல்லாம் பட்டறையை அவள்தான் திறப்பாள். விடிந்ததும் குளிர்ந்து நிற்கும் மெஷினில் எண்ணெயைப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவாள். சின்னவர் தகடு மடிக்கும் புது மெஷின் வாங்கிய பிறகு, ஆட்கள் வருவதற்குள் வெட்டி வைக்க வேண்டும் என்று அவரே வந்து முதலில் போட்டுவிடுகிறார். அவள் சமையலை முடித்து வரும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அவள் பார்ப்பது மாறவில்லை. பார்க்கும் நேரம் மாறிவிட்டது. குழி விழ ஆரம்பித்ததும் அப்போதுதான். சர்வீஸ்காரர் சரியான அளவில் ஊற்றிவிட்டுப் போனார். கதவு நன்றாக வந்தது. மறுநாளே அவள் குவளையை எடுத்துவிட்டாள்.

வாளியில் இருந்த எண்ணெயைப் பார்த்தாள். இதைக் கேனில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, நாளையிலிருந்து சரியான நேரத்தில் பார்த்தால் போதும். எல்லாம் தானே சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது. புதுப் பெயின்ட்டர் வந்த நேரம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். அவரும் அதையே நம்பிவிடுவார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு பூத்துக்குப் போனாள்.

மாஸ்டர் கவிழ்த்துப் போட்ட டின்னின் மேல் உட்கார்ந்து, திரும்பி வந்த கதவு ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னது அது?"

"அதிகமா இருந்த எண்ணெய். கம்ப்ரசர்ல நான் ஊத்தினது." வாளியைக் கீழே வைத்தாள். "உங்க கை இல்ல. நீங்க துடைக்காம விட்டதும் இல்ல. நான்தான் தெனம் ஊத்தி ஊத்தி உங்க கன்னுக்கு அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன்."

ஓடும் மெஷினில் பார்த்ததைச் சொன்னாள். கோடு மேலிருந்து இறங்கியதைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். உப்புத்தாள் கையிலேயே இருந்தது.

"தெனமுமா ஊத்தின?"

"தெனமும்."

"ஒரு குவளையா?"

"குறைஞ்சா மெஷினு கெட்டுருமேன்னு..."

அவர் வாளியை எட்டிப் பார்த்தார். "சமையல்லயும் உனக்கு அதே பழக்கம்" என்றார். அவள் அழ ஆரம்பித்தாள். "சரி, சரி. விடு. இவ்வளவு நாளா நான் தகட்டைத்தான் தேய்ச்சேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். பார்த்தா உன் எண்ணெயைத்தான் தேய்ச்சிருக்கேன். உக்காரு." அவளுக்கும் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டார்.

சின்னவர் முதலில் நம்பவில்லை. "பில்டரு புதுசு அண்ணி. சர்வீஸ்காரரு துணி பிடிச்சுக் காட்டினாரே."

"காட்டினாரு. அதுக்கப்புறம் யாராவது பிடிச்சுப் பார்த்தோமா?"

கரண்ட் வந்ததும் பிடித்துப் பார்த்தார்கள். கன்னைக் கழற்றிவிட்டுக் குழாயின் வாயில் வெள்ளைத் துணியை வைத்துக் காற்றைத் திறந்தார் மாஸ்டர். துணியில் மஞ்சளாக ஒரு படலம் பரவியது. சின்னவர் அதை வாங்கி விரலால் தேய்த்தார், முகர்ந்தார். பிறகு அண்ணனைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்தார்.

"நான்தான் காலைல மொதல்ல மெஷினப் போட ஆரம்பிச்சேன்" என்றார்.

"நீயும் ஊத்துனியா என்ன?"

"இல்லண்ணே. ஆனா அண்ணி பார்க்கிற வரைக்கும் நான் நின்னதில்ல."

சின்னவர் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப அந்தப் புதுப் பெயின்ட்டரு வந்திருந்தா?"

"அவருக்கும் இதே காத்துதானே வரும்" என்றார் மாஸ்டர். "பாவம், பஸ் பாடிக்காரரு. மொத நாளே நம்மள நெனைச்சு என்ன சொல்லியிருப்பாரோ."

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் சிரித்தார். "மொத ஆளு நீங்க இல்லக்கா. சில கம்பெனி மெஷின்ல ஓடும்போதுதான் பார்க்கச் சொல்லுவான். இதுல நிறுத்திட்டுத்தான் பார்க்கணும். அத நான் அழுத்திச் சொல்லியிருக்கணும், சொல்லல." என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அண்ணி கேட்டுக்கொண்டாள், இந்தத் தடவை சின்னவரும் பக்கத்தில் நின்று கேட்டார்.

மிச்ச நாள் அதிலேயே போயிற்று. மெஷினை நிறுத்தி, காற்று முழுக்க இறங்க விட்டு, கோடு நடுவில் வந்து நிற்கும்வரை எண்ணெயை வடித்தார்கள். எண்ணெயில் ஊறி நைந்திருந்த செப்பரேட்டரை எடுத்துவிட்டு, அலமாரியில் இருந்த புதியதைப் போட்டார்கள். குழாயில் நடுநடுவே இருக்கும் எண்ணெய் பிடிக்கும் கிண்ணங்களைக் கழற்றியபோது எல்லாமே தளும்பின. பூத்துக்குப் போகும் ரப்பர் குழாயைத் தூக்கிப் போட்டுப் புதியது மாட்டினார்கள். இரும்புக் குழாயில் ஒட்டியிருந்த பசை போகும்வரை காற்றைத் திறந்து ஊதவிட்டு, துணி பிடித்துப் பார்த்து, மறுபடி ஊதவிட்டார்கள். துணி வெள்ளையாகவே இருக்க சனிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் முதுகு விட்டுப் போயிருந்தது.

மாஸ்டர் ஒரே ஒரு கதவை எடுத்தார். ஒரு முறை துடைத்தார். இன்னொரு முறை துடைக்கத் துணியை எடுத்தவர், அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டுக் கன்னைத் தூக்கினார். கை மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், போய்ப் போய்த் திரும்பியது. அடித்து முடித்ததும் எல்லோரும் கதவின் கிட்டே வந்து நின்றார்கள். குழி விழுவதாக இருந்தால் பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே விழும். அண்ணி விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். ஒளி கதவின் மேல் மெதுவாக நடந்தது. எங்கேயும் குழி இல்லை.

கீழ் மூலையில் மட்டும் பெயின்ட் கொஞ்சம் தடித்து, ஒரு சின்னக் கண்ணீர்போல வழிந்திருந்தது. சின்னவர் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல நின்றார்.

மாஸ்டர் விரலை நீட்டி அதைக் காட்டினார். "இது என்னுது" என்றார். "கை நடுங்கினா வழியும். குழி விழாது. இத நான் தேய்ச்சு எடுத்துக்கறேன்."

அவர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது.

"பெயின்ட்டர வர வேண்டாம்னு சொல்லிரவாண்ணே?"

"எதுக்கு? வரட்டும். கன்னு ரெண்டு இருக்கு. அவரு மூலைய அடிக்கட்டும், நான் கதவ அடிக்கிறேன். எனக்கும் தோள் வலிக்குதுடா."

திங்கட்கிழமை விடிந்ததும் சின்னவர் பட்டறை வாசலைத் திறந்துவிட்டு, சுவிட்சைத் தொடாமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மெஷின் குளிர்ந்து, சத்தமில்லாமல் நின்றது. கண்ணாடியைத் துடைத்தாள். கோடு நடுவில் இருந்தது.

"போடவா அண்ணி?"

"போடுங்க."

குவளையைக் கழுவித் துடைத்து, ஆணியில் கவிழ்த்து மாட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எண்ணெய் பார்ப்பது இப்படித்தான்: மெஷின் நிற்க வேண்டும். முள் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். சுற்றப் போன எண்ணெய் எல்லாம் தொட்டிக்குத் திரும்பி வர, ஒரு டீ குடிக்கிற நேரம் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகு பார்க்க வேண்டும். கோடு நடுவில் இருந்தால் ஊற்றக் கூடாது. கோடே தெரியவில்லை என்றால், ஊற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் வடித்துப் பார்க்க வேண்டும்.